தெண்டமும் முத்திரையும்

ஆண்டு மலரிலே வரலாற்றுக் கட்டுரை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசரையோ, அடியாரையோ, ஆலயங்களையோ பொருளாகக் கொள்வர். அது நன்முறையே. ஆயினும் எம்மூராகிய கோமாரியிலே தேநீர்க்கடை வாங்கில் இருப்போர் வாயில், எந்த அரசனின் பெயரினும் மிகுதியாக அடிபடும் சொல் ஒன்றுண்டு. அதுதான் தெண்டம். "கோட்டுக்குப் போய்த் தெண்டம் கட்டிப்போட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டு பொத்துவில் பஸ்ஸிலிருந்து இறங்குவோரை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். கட்டாக்காலி மாடு, சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத மோட்டார் சைக்கிள், காட்டில் வெட்டிய கம்பு, மறைவிற் காய்ச்சிய கசிப்பு எனக் காரணம் பலவாகலாம், முடிவு ஒன்றே. இத்தெண்டத்தின் வரலாற்றையும், அதன் உடன்பிறப்பாகிய முத்திரைக் கூலியின் வரலாற்றையும் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

இவ்விரண்டும் வெவ்வேறு தன்மையுடையன. தெண்டம் குற்றஞ் செய்தவன் வழக்கின் முடிவிலே கட்டுவது. முத்திரைக் கூலி நீதி வேண்டி வருபவன் வழக்கின் தொடக்கத்திலே கட்டுவது. முன்னது தண்டனை, பின்னது வாயிற் கட்டணம். எனினும் இரண்டும் எழுப்பும் வினா ஒன்றேயாகும். பணமுள்ளவனுக்குச் சில்லறைச் செலவாக இருப்பது பணமில்லாதவனுக்கு என்னவாக முடிகின்றது? பழங்காலத்து ஆட்சியாளர் இவ்வினாவை அறியாதிருந்தனர் என்று எண்ணுதல் தவறு.

கி.மு. 2ஆம் நூற்றாண்டிலே அனுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் அரசு செலுத்திய எல்லாளனைப் பற்றி மகாவம்சம் கூறுவதை நம்மவர் பலரும் அறிவர். அவனுடைய படுக்கையின் தலைமாட்டிலே ஒரு மணி தொங்கியது. அதன் கயிறு வெளியே நீண்டு கிடந்தது. முறை வேண்டியோர் எவரும் அதனை இழுக்கலாம். கன்றை இழந்த பசுவும் இழுத்தது என்கின்றது அந்நூல். சோழநாட்டு மனுநீதிச் சோழனின் கதையும் இதுவே. மிஷன் பாடசாலையிலே படித்த எம்மைப் போன்றோர்க்கு மற்றொரு கதையும் நினைவுக்கு வரும். அநீதியுள்ள நியாயாதிபதியின் வாசலிலே ஓயாது போய் நின்று, அவனுக்குச் சலிப்பூட்டியே தன் நியாயத்தைப் பெற்ற விதவையின் உவமை அது. பசுவுக்கும் விதவைக்கும் பொதுவானது ஒன்று: இருவரும் முத்திரை ஒட்டவில்லை.

எல்லாளன் கதையிலே நம்மவர் அதிகம் பேசாத பகுதி ஒன்றுண்டு. ஒருநாள் அவன் ஏறிச்சென்ற தேரின் நுகத்தடி முட்டிப் பௌத்த தூபியொன்று சிதைந்தது. அரசன் தேரினின்றும் இறங்கி, தன் தலையை வெட்டுமாறு அமைச்சரிடங் கூறினான். தூபியைத் திருத்தினாற் போதும் என்றனர் அமைச்சர். விழுந்த கற்கள் 15. அவற்றை மீளப் பதிப்பதற்கு அவன் 15,000 கஹாபணம் செலவிட்டான். இது சைவனாகிய தமிழரசனைப் பற்றிப் பௌத்த துறவிகள் எழுதிவைத்த செய்தி என்பதனால் இதன் மதிப்பு இரட்டிப்பாகின்றது. தெண்டத்தின் வரலாறு என்ற கண்கொண்டு பார்த்தால் இங்கே இரண்டு குறிப்புகள் கிடைக்கின்றன. தெண்டம் கட்டியவன் ஏழையல்லன், அரசன். கட்டிய பணம் அரண்மனைப் பெட்டிக்குப் போகவில்லை, எது சிதைந்ததோ அதனைத் திருத்தவே போயிற்று.

கதையை விட்டு நூலுக்கு வருவோம். கௌடலியரின் அர்த்தசாத்திரம் தெண்டத்தை முதல், இடை, கடை என மூன்று படியாக வகுக்கின்றது. முதற்படி 48 பணம் முதல் 96 பணம் வரை. இடைப்படி 200 முதல் 500 வரை. கடைப்படி 500 முதல் 1,000 வரை. கணக்கிலே வல்லவரான அவ்வாசிரியர் வழக்குச் செலவையும் மறந்தாரல்லர். பொய்வழக்காடித் தோற்றவன் வழக்குத் தொகையில் ஐந்திலொன்றைத் தெண்டமாகக் கட்டவேண்டும். தானே ஒப்புக்கொண்டவனுக்குப் பத்திலொன்று. சுமை தோற்றவன் தலையில், வழக்கின் முடிவிலே ஏறுகின்றது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அதனிலும் வியப்பான விதியொன்று உண்டு. தெண்டத்துக்கு உரியவனல்லாத ஒருவனிடம் அரசன் தெண்டம் வாங்கினால், அதைப்போல் முப்பது மடங்கு பணத்தை வருணனுக்கென நீரிலே இட்டு, பின் அதனை அந்தணருக்கு வழங்கவேண்டுமாம். அந்தணருக்கே என்றது அக்காலத்து மனப்பான்மை. அதனை இன்று நாம் ஏற்கவேண்டியதில்லை. அரசனுக்கும் தெண்டம் உண்டென்ற கருத்தே நாம் கொள்ளத்தக்கது.

தமிழகத்துச் சோழர் கல்வெட்டுகளிலே அரசிறைப் பெயர்களின் வரிசையில் 'மன்றுபாடு' என்றொரு சொல் வரும். ஊர்மன்றம் விதித்த தெண்டத்தால் வந்த வருவாய் என்று அறிஞர் பொருள் கொள்வர். தெண்டம் அக்காலத்தும் அரசுக்கு வருமானந்தான். அதனை மறைப்பதிற் பயனில்லை. ஆனால் வேறொரு வழக்கமும் உடனிருந்தது. வேட்டைக்குச் சென்றவன் எய்த அம்பு குறிதவறி மனிதன்மேற் பட்டு அவன் இறந்தான் என வைத்துக்கொள்வோம். ஊர்ச்சபையார் கூடி ஆராய்ந்து, இது வேண்டுமென்று செய்த கொலையன்று எனக் கண்டால், கொன்றவன் கோயிலிலே நந்தாவிளக்கு எரிக்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தனர். இவ்வாறான தீர்ப்புகளைக் கூறும் கல்வெட்டுகள் பலவுள. நீலகண்ட சாஸ்திரியார் தமது சோழர் வரலாற்றிலே இவற்றை எடுத்துக்காட்டுகின்றார். ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது முதலாம் இராசராசன் காலத்துக் கணக்கு. அவ்வாடுகளின் நெய்யால் விளக்கு எரியும். மந்தை குறையாது பெருகுமாதலால் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். இறந்தவன் நினைவாக ஒளி நின்றது. கொன்றவனும் ஊரிலேயே வாழ்ந்தான். 96 ஆடு இல்லாத இடையன் என்ன செய்திருப்பான் என்ற எண்ணமும் எமக்கு எழாமலில்லை.

ஈழத்திலும் இத்தகைய சாசனங்கள் உள. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வேவல்கெட்டியச் சாசனம் பத்தூர்க் கூட்டத்துக்கு வழக்கு விசாரிக்கும் உரிமை வழங்குகின்றது. கொலைஞனை 45 நாளிற் கண்டுபிடிக்கத் தவறினால் அப்பத்தூரும் சேர்ந்து 125 களந்து பொன் அரசுக்குக் கட்டவேண்டும் என்றும் விதிக்கின்றது. களந்து என்பது நமது கழஞ்சின் உடன்பிறந்த சொல். அதே நூற்றாண்டிலே எழுந்த பதுளைத் தூண் சாசனமோ குடிகளின் முறைப்பாட்டினாற் பிறந்தது. ஓப்பிட்டிகமம் என்ற சந்தையூரின் வணிகரும் குடிகளும், அதிகாரிகள் முறையற்ற வகையிற் பணம் பறிக்கின்றனர் என்று மகியங்கனைக்கு வந்த அரசனிடம் முறையிட்டனர். அரசன் எதை வாங்கலாம், எதை வாங்கலாகாது என்று கல்லிலே வெட்டுவித்தான். தெண்டம் இருக்குமிடத்தில் தெண்டத்தின் பேராற் பறிப்பும் இருக்கும் என்பதற்கு ஆயிரம் ஆண்டுப் பழைமையுள்ள சான்று இது.

கண்டி இராச்சியத்துத் தெண்டம் எவ்வாறு அறவிடப்பட்டது என்பதை ஓர் ஆங்கிலேயன் எழுதிவைத்துள்ளான். 1660ல் நமது கிழக்குக் கரையாகிய கொட்டியாரக் குடாவிலே பிடிபட்டு, 19 ஆண்டுகள் கண்டி நாட்டிற் கைதியாக வாழ்ந்து, தப்பிச்சென்று 1681ல் நூல் வெளியிட்ட றொபேட் நொக்ஸ் என்பவனே அவன். தெண்டம் விதிக்கப்பட்டவனைக் கண்ட இடத்திலேயே சேவகர் மறித்து, பாரமான கல்லொன்றை அவன் தோளில் ஏற்றி, பணம் கட்டும்வரை அங்கேயே நிறுத்துவராம். தாமதித்தாற் கல்மேற் கல் ஏறும். இதனை வாசிக்கும் இன்றைய இளைஞர் நகைக்கலாம். கட்ட முடியாதவன் உடலினாற் கட்டவேண்டும் என்ற இந்த ஏற்பாடு இன்று வேறு வடிவில் நடைபெறுவதைப் பின்னர்க் காட்டுவோம்.

இனி முத்திரைக்கு வருவோம். முத்திரைத்தாள் என்பது 1624ல் ஒல்லாந்து நாட்டிலே பிறந்தது. போர்ச் செலவுக்குப் பணம் தேடிய அந்நாட்டு அரசு, புது வரி கண்டுபிடிப்போருக்குப் பரிசளிப்பதாக அறிவிக்க, ஒருவர் கூறிய யோசனை இது என்பர். பத்திரங்களும் விண்ணப்பங்களும் அரச முத்திரை பதித்த தாளிலே எழுதப்படவேண்டும். தாளுக்கு விலை உண்டு. வரி கொடுக்கின்றோம் என்ற உணர்வே எழாத வரி! 1638ல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், சட்டத்தையும் சட்டத்தின் சொற்களையும் நமக்குத் தந்துவிட்டுப் போயினர். நொத்தாரிசு, கந்தோர், அப்புக்காத்து, பிரக்கிராசி என்று நம் பாட்டன்மார் வழங்கிய சொற்களெல்லாம் ஐரோப்பியக் கப்பல்களிலே வந்திறங்கியவை. அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற வேறுபாடு 1974ல் ஒழிந்து எல்லோரும் சட்டத்தரணி ஆகிவிட்டனர். ஆயினும் எம்மூர்க் கிழவர் சிலர் வாயிற் பிரக்கிராசியார் இன்னும் உயிர்வாழ்கின்றார்.

ஆங்கிலேயர் தம் நாட்டிலே 1215ஆம் ஆண்டின் மகா சாசனத்தை வேதம்போலப் போற்றுவர். நீதியை எவருக்கும் விலைக்கு விற்கமாட்டோம் என்று அரசன் அதிலே உறுதியளித்தான். அதனினும் நாம் பெரிதாக மதிப்பது அச்சாசனத்தின் இருபதாம் விதி. தெண்டம் குற்றத்தின் அளவுக்கு ஏற்ப இருக்கவேண்டும். அதுவும் குடியானவனின் பிழைப்புக் கருவியையும் வணிகனின் சரக்கையும் விட்டுவைத்தே விதிக்கப்படவேண்டும் என்பது அது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கலப்பையைப் பறிக்கும் தெண்டம் தெண்டமன்று எனக் கண்டிருக்கின்றனர். ஆனால் அதே ஆங்கிலேயர் 1765ல் அமெரிக்கக் குடியேற்றங்களிலே நீதிமன்றத் தாளுக்கும் முத்திரை வரி விதித்துக் கலகத்துக்கு வித்திட்டனர். 1795ல் வெளிவந்த சிறு நூலொன்றிலே ஜெரமி பெந்தம் என்ற சட்ட அறிஞர், வழக்குக் கட்டணம் வரிகளிலெல்லாம் கொடியது என வாதாடினார். மற்ற வரிகள் செல்வத்தின்மேல் விழுகின்றன, இதுவோ துன்பத்தின்மேல் விழுகின்றது என்பது அவர் வாதத்தின் சாரம். அவருடைய சொல் அரசினர் காதில் ஏறவில்லை. இலங்கையிலே 1909ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க முத்திரைச் சட்டம் வழக்குமன்ற ஆவணங்களையும் தன் அட்டவணைக்குள் அடக்கிக்கொண்டது. வறியோர் முத்திரையின்றி வழக்காட 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையிலே தனி அத்தியாயம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் அவ்வழியே செல்ல விரும்புபவன் முதலில் தன் வறுமையை மன்றுக்கு எண்பிக்கவேண்டும். ஊரறிய ஏழையென்று பெயர் வாங்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

முத்திரையின் விலை மட்டும் செலவன்று. அம்பாறை தனி மாவட்டமானது 1961ல். அதற்கு முன் நமது பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்கோடி. மட்டக்களப்பு நகர வாயிலிலே கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது 1924ல். அதற்கு முன்னர் வாவியைத் தோணியிலேதான் கடக்கவேண்டும். கோமாரியிலிருந்து மாட்டுவண்டி கட்டி, கட்டுச்சோறு கட்டி, சாட்சிக்காரனையும் கூட்டிக்கொண்டு அத்துணைத் தூரம் சென்றவனுக்கு அன்று வழக்கு ஒத்திவைக்கப்பட்டால், அச்செலவை எந்த அட்டவணையிலே எழுதுவது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய தெண்டக் கதையை இங்கே விரித்துரைக்க வேண்டும். 1832ல் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள் சென்றன. தேசாதிபதி தோறிங்டன் 1848ல் புதுவரிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொணர்ந்தார். நாய்க்கு 1 சிலிங். துப்பாக்கிக்கு ஆண்டுதோறும் 2 சிலிங் 6 பென்ஸ். கடைக்கு 1 பவுண். இவற்றுக்கெல்லாம் மேலாக வந்தது தெருச் சட்டம். 18 வயது முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் தெருவேலை செய்யவேண்டும். செய்யாதவர் 3 சிலிங் கட்டவேண்டும். பணமுள்ளவன் 3 சிலிங்கை எறிந்துவிட்டு வீட்டிலிருந்தான், இல்லாதவன் கல்லுடைத்தான். ஒழிந்த இராசகாரியம் ஏழைக்கு மட்டும் திரும்பி வந்ததென்றே கூறலாம். கண்டிப் பகுதியிலே கலகம் மூண்டது, படைச்சட்டம் பிறந்தது, பிக்கு ஒருவர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். இலண்டன் பாராளுமன்றம் விசாரணைக் குழு வைத்தது. 1850ல் தோறிங்டன் பதவியிழந்தார். நாய்வரி போயிற்று. ஆனால் தெருவரி போகவில்லை! தலைவரி என்ற பெயருடன் அது மேலும் எழுபது ஆண்டுகள் நின்றது. அதனைக் கட்டாதவனுக்குத் தெண்டம். தெண்டமும் கட்டாதவனுக்கு மறியல். 1915ல் தோன்றிய இளம் இலங்கையர் சங்கத்தின் வழியே ஏ. ஈ. குணசிங்க முதலிய இளைஞர் இதனை எதிர்த்து நாடெங்கும் கிளர்ச்சி செய்ததன் பின்னரே 1920களின் தொடக்கத்தில் அது நீக்கப்பட்டது. வாலிபர் சங்கம் ஒன்று வரலாற்றிலே செய்யத்தக்கது யாது என்று வினவுவோர்க்கு இது ஒரு விடை.

நெல்லின்மேல் விழுந்த ஆயவரியும் இதனோடு ஒத்ததே. வரி நிலுவைக்காக ஏழைகளின் வயல்கள் ஏலத்திற் போயின. வலப்பனைப் பகுதியின் துன்பம் இங்கிலாந்து வரை பேசப்பட்டது. 1893 தொடக்கத்திலே அவ்வரி முடிந்தது.

இருண்ட பக்கத்தை மட்டும் காட்டுதல் நேர்மையன்று. ஆங்கிலேயர் காலத்திலேயே நல்ல ஏற்பாடு ஒன்றும் இருந்தது. 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், வயலுக்கு நீர் பாய்ச்சுதல், வேலி அடைத்தல் முதலியவற்றிலே பழைய வழக்கத்தை மீட்டு, அவற்றின்மேல் எழும் பிணக்குகளை ஊரவரே தீர்க்க இடமளித்தது. வட்டவிதானைமாரின் அதிகாரம் இவ்வாறு சட்டவடிவம் பெற்றது. 1871ல் ஊர்ச்சபைகளும் கிராம நீதிமன்றங்களும் வந்தன. அங்கே பிரக்கிராசிக்கு இடமில்லை, வழக்காளி தன் வாயாலேயே பேசினான், தெண்டமும் சிறியது. 1945ல் இவை கிராமக் கோடுகளாக மாறின. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் அவற்றை ஒழித்தது. ஒருமைப்பாடு வேண்டும், எல்லோருக்கும் ஒரே தரமான மன்று வேண்டும் என்ற நோக்கம் குறைகூறத்தக்கதன்று. எனினும் வேலிச்சண்டைக்கும் மாட்டுச்சண்டைக்கும் மக்கள் பெரிய மன்றின் படியேற நேர்ந்ததை நாம் இழப்பாகவே கருதுகின்றோம். சட்டமன்றுக்கு வெளியே, கோயில் வண்ணக்கர்மாரும் அயலூர்ப் பள்ளிவாசல் மரைக்காயர்மாரும் ஊர்ப்பிணக்கைத் தீர்த்துவைத்த வழக்கத்தைப் பெரியோர் நன்கறிவர். அங்கும் ஆளறிந்து நீதி வளைந்ததுண்டு. வண்ணக்கரின் மருமகனுக்குத் தெண்டம் விதிக்கப்படுவது அரிது அல்லவா?

இனி இக்காலத்துக்கு வருவோம். 1860ல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவியே நமது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை எழுந்தது. அந்த இந்தியச் சட்டத்திலே ஒரு விந்தை. தெண்டம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றத்திலே, 50 ரூபாவுக்கு மேற்படாத தெண்டத்தைக் கட்டத் தவறியவனை இரண்டு மாதம்வரை சிறையிலிடலாம். 100 ரூபா வரை என்றால் நான்கு மாதம். 1860ல் 50 ரூபா என்பது ஒரு பண்ணையாளுக்குப் பல மாத உழைப்பு. பின்னர் அதே 50 ரூபா ஒருவேளைச் சோற்றுக்கும் போதாததாயிற்று. ஆயினும் இரண்டு மாதம் என்ற எழுத்து மாறவில்லை. 2024 யூலை 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டமே 50ஐ 5,000 ஆக்கியது. பணத்தின் மதிப்புத் தேய்கின்றது. மனிதனின் இரண்டு மாதம் தேய்வதில்லை. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து 160 ஆண்டுகள் நிறுத்தவர்கள் பேரறிஞர்களே என்பதுதான் கவலை தருவது.

நம் நாட்டு நிலை என்ன? சிறைச்சாலைத் திணைக்களம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிபரங்களை எடுத்துப் பாருங்கள். தண்டனை பெற்று மறியலுக்குட் போவோரிற் பாதிக்கு மேற்பட்டோர், தெண்டப் பணத்தைக் கட்ட இயலாமையாலேயே போகின்றவர்களாகப் பல ஆண்டுகள் இருந்திருக்கின்றனர். நீதவான் அவர்களுக்குச் சிறை விதிக்கவில்லை, தெண்டமே விதித்தார். அவர்களைச் சிறைக்கு அனுப்பியது அவர்களுடைய வெறும் மடிச்சீலை. ஒரே நாளில், ஒரே குற்றத்துக்கு, ஒரே தொகை விதிக்கப்பட்ட இருவரில் கடைக்காரர் மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்புகின்றார். கூலிக்கு வலை இழுப்பவர் மறியல் வண்டியில் ஏறுகின்றார். அவரை உள்ளே வைத்துச் சோறு போடும் செலவும் அரசினுடையதே. வெளியிலே அவருடைய வீட்டில் உலை எரியாத கணக்கை எவரும் எழுதுவதில்லை. நொக்ஸ் கண்ட கல், தோளிலிருந்து இறங்கி நாட்காட்டியில் ஏறியிருக்கின்றது.

வீதிக் குற்றங்களுக்குப் பொலிசார் எழுதிக் கொடுக்கும் தெண்டத்தாளும் இவ்வகையினதே. 14 நாளுக்குள் தபாற்கந்தோரிலே கட்டினால் ஒரு தொகை. அதன்பின் 14 நாளுக்குள் என்றால் இரட்டிப்பு. அதற்கும் பிந்தினால் வழக்கு. கையிற் காசுள்ளவன் முதலாந் தொகையோடு தப்புகின்றான். மாரிக்கடல் அடித்துத் தோணி இறங்காத மாதத்திலே பிடிபட்டவன் இரண்டு மடங்கு கட்டுகின்றான்.

தெண்டப் பணம் எங்கே போகின்றது என்று கேட்பது குடிகளின் உரிமை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நீதிமன்றங்கள் விதிக்கும் தெண்டங்களையும், மன்றுக் கட்டணம், ஆவண முத்திரை ஆகியவற்றையும் மாகாண சபையின் வருமான வழிகளிற் சேர்த்தது. அங்கிருந்து அவை உள்ளூராட்சிச் சபைகளுக்குப் பகிரப்படுகின்றன. எனவே எம்மூரவர் கட்டும் தெண்டத்துக்கும் பொத்துவிற் பிரதேச சபையின் வரவுசெலவுக்கும் தொடர்புண்டு. தெண்டம் ஊருக்கே திரும்புவது ஒருவகையில் நல்லதே. எல்லாளனின் பணம் தூபிக்குப் போனதுபோல அது ஒழுங்கைக்கும் கிணற்றுக்கும் போகலாம். ஆனால் அதிலே ஓர் அபாயம் மறைந்திருக்கின்றது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலே பேர்குசன் என்ற சிறு நகரில் 2014ல் கறுப்பின இளைஞன் ஒருவன் பொலிசாராற் சுடப்பட்டு இறக்க, பெருங்கிளர்ச்சி எழுந்தது. அதனை ஆராய்ந்து மத்திய நீதித் திணைக்களம் 2015 மார்ச் மாதம் வெளியிட்ட அறிக்கை, அந்நகரின் வருமானத்திலே தெண்டமும் மன்றுக் கட்டணமும் இரண்டாவது பெரும் வழியாக இருந்ததென்றும், வருமானத்தைக் கூட்டும்படி பொலிசாரை நகர அதிகாரிகள் தூண்டினர் என்றும் கண்டது. குற்றம் குறைந்தால் வரவு குறையும் என்ற நிலைக்கு ஒரு சபை வந்துவிட்டால், அச்சபை எதனை விரும்பும்? கிழக்கு மாகாண சபை 2017ல் கலைந்தபின் பல ஆண்டுகள் தேர்தலின்றி ஆளுநர் பொறுப்பிலே இருந்தமையால், இப்பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்க மக்கள் தெரிவு செய்த உறுப்பினரும் இல்லாதிருந்தனர்.

அமெரிக்காவிலேயே இதற்கு மாற்றுக் கருத்தும் சட்டமாகியுள்ளது. எழுத வாசிக்க அறியாத பியர்டன் என்ற இளைஞன், 500 டொலர் தெண்டமும் 250 டொலர் நட்டஈடும் கட்டப் பணிக்கப்பட்டான். பெற்றோரிடம் 200 டொலர் கடன் வாங்கிக் கட்டினான், பின்னர் வேலை போயிற்று, மீதியைக் கட்ட முடியவில்லை, சிறை சென்றான். 1983ல் அந்நாட்டு உயர்நீதிமன்றம், அவன் கட்ட மறுத்தானா, கட்ட இயலாதிருந்தானா என்று முதலில் ஆராயாமற் சிறையிலிடல் முறையன்று எனத் தீர்ப்பளித்தது. பின்லாந்து தேசம் 1921 முதல் மற்றொரு வழியிற் செல்கின்றது. அங்கே தெண்டம் பணத்தொகையாக அன்றி நாட்கணக்காக விதிக்கப்படுகின்றது. ஒரு நாளின் விலை அவரவர் வருமானத்தைப் பொறுத்தது. 2002ல் நோக்கியா நிறுவனத்து உயர் அதிகாரி ஒருவருக்கு வேகமாக வண்டி ஓட்டியமைக்கு 1,16,000 யூரோ விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டிலே அது குறைக்கப்பட்டது என்பது வேறு. இம்முறை நம் நாட்டுக்கு உடனே பொருந்துமா என்பதில் எமக்கு ஐயமுண்டு. மாதச் சம்பளப் பட்டியல் உள்ளவனின் வருமானத்தை அறியலாம்; போடியாரின் வருமானத்தை எவர் அறிவார்?

ஆனால் நம்முடைய சட்டத்திலேயே பயன்படுத்தப்படாது கிடக்கும் வழிகள் சில உள. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, தெண்டம் கட்டத் தவணை கொடுக்கவும், பகுதி பகுதியாகக் கட்ட அனுமதிக்கவும் மன்றுக்கு அதிகாரம் அளிக்கின்றது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின்படி, சிறுகுற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாது ஊருக்குப் பயன்படும் வேலையிலே ஈடுபடுத்தலாம். 1848ல் வேலைக்குப் பதிலாகப் பணம் கேட்டனர். இங்கே பணத்துக்கும் சிறைக்கும் பதிலாக வேலை. அதே உழைப்புத்தான், ஆனால் முன்னது குற்றமற்றவனை வருத்தியது, பின்னது குற்றஞ் செய்தவனை வீட்டிலிருந்து பிரிக்காமல் வைக்கின்றது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தாற் பிறந்த மத்தியஸ்த சபைகளோ, பழைய கிராமக் கோட்டின் இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. 5 ரூபா முத்திரையோடு விண்ணப்பிக்கலாம் என்று தொடங்கிய இச்சபைகளிலே சட்டத்தரணி வாதாடுவதில்லை. இருதரப்பாரும் தாமே பேசுவர். சபைக்குத் தீர்ப்புக் கூறும் அதிகாரமில்லை, இணக்கி வைக்கும் கடமையே உண்டு.

எம்மூரவர் பலருக்கு இவை தெரியா. மன்றிலே பெயர் கூப்பிட்டதும் நடுங்கிக்கொண்டு எழுந்து, "குற்றந்தான் ஐயா" என்று சொல்லிவிட்டு, தொகையைக் கேட்டதும் வாய் அடைத்துப்போய் நிற்கின்றனர். தவணை தாருங்கள் ஐயா என்று கேட்கலாமென்பதே அவர்கள் அறியாதது. தெண்டத்துக்குப் பதிலாக உள்ளே போனவன்கூட, பணத்திலே ஒரு பகுதியை வீட்டார் கட்டினால் அதற்கேற்ற நாட்கள் குறைந்து வெளியே வரலாம் என்பதும் சட்டத்திலே உண்டு. திங்கட்கிழமை கோட்டுக்குப் போகவிருக்கும் அண்ணன்மாருக்கு இவற்றை வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வீதியிலே இருக்கும்போதே சொல்லிவைக்க நம் சங்கத்து இளைஞரால் முடியும்.